பின்சீட்டில் அறுபது கிலோ

"வேலை முடிஞ்சுதாடா சின்னவனே?"

"எங்கக்கா முடியுது... இன்னும் ஒரு வண்டி கிடக்கு."

"சாப்ட்டியா?"

"வீட்டுக்குப் போய்த்தான்."

"ம்... கார் உன்கிட்டதான இருக்கு? யாருக்கும் குடுத்துடலியே?"

இரவு ஒன்பது நாற்பதுக்கு ஃபோனில் நடந்த பேச்சு இது. இந்த ஐந்து வரியை ஃபோனை எடுத்த அந்த மனிதர் அப்புறம் எத்தனை ஆயிரம் தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாரோ, அவருக்கே தெரியாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவர்த்தி அது பாட்டுக்கு எரியட்டும். இது யாரோ எவரோ கதை இல்லை. இதோ, போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே நர்ஸ், அவளுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. சித்தி தன் வாயால் சொன்னது.

சித்தப்பா கார் மெக்கானிக். சக்கரத்துச் சத்தம் என்றால் ஊரில் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பேரிங் போச்சு", "புஷ் போச்சு" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிடுவார். தப்பவே தப்பாது. அவருடைய சொந்தக் கார் இருபத்திரண்டு வருஷத்துப் பழசு. ஆனால் அவர் கையில் அது பூனை மாதிரி நடக்கும்.

ஃபோனில் பேசியது அவருடைய அக்கா. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கணவர் வீட்டில் இருந்தாள். அந்தக் கணவருக்கு நாக்கு நீளம். பேச்சு தாங்காமல் போனால் அக்கா தம்பிக்கு ஃபோன் போடுவாள். இவர் போய்க் கூட்டி வருவார். ராத்திரி முழுக்க அழுவாள். விடிந்ததும், "பாவம்டா அவரு, மாத்திரை எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். இவர் மறுபடியும் கொண்டுபோய் விடுவார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் மூன்று தடவை.

அதனால், கார் இருக்கா என்று கேட்டதுமே, அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதை வாய்விட்டுக் கேட்பதற்குள் முந்திக்கொண்டார்.

"கார் இருக்குக்கா. ஆனா சத்தம் வருது. பின்னாடி இடது பக்கம். பள்ளத்துல இறங்குனா 'டொக்'குனு ஒரு அடி... அப்புறம் 'கீ...ச்'சுனு ஒரு இழுப்பு. இதை வெச்சுக்கிட்டு ராத்திரியில ஓட்ட முடியாது."

அத்தனையும் பொய். ஷெட்டில் வேறு வண்டியும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். வேறு யாராவது என்றால் தலைவலி, காய்ச்சல் என்று சொல்லியிருப்பார்கள். இவர் மெக்கானிக். பொய்க்கும் எந்தச் சக்கரம் என்று இடம் குறித்துச் சொன்னார்.

அக்கா சிரித்தாள். "ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கற, உன் வண்டிக்கு ஆளில்லையா? நான் அந்தப் பக்கமே உக்காந்து உக்காந்து அப்படி ஆயிருக்கும். அறுபது கிலோ ஆயிட்டேன்டா."

"சரிக்கா, பாத்துட்டு வர்றேன்." ஃபோனை வைத்தால் போதும் என்றுதான் அப்படிச் சொன்னார்.

"பாத்துட்டு வா."

வீட்டுக்குப் போனார். சாப்பிட்டார். "ஃபோன் என்கேஜ்டா இருந்துச்சே, யாரு?" என்று சித்தி கேட்டதற்கு, "கஸ்டமர்" என்றார். நன்றாகத் தூங்கினார். அதுதான் அப்புறம் அவரைக் கொன்றது... அன்றைக்கு நன்றாகத் தூங்கினார் என்பது.

விடிகாலையில் தகவல் வந்தது. அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரை ரோடு. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, விளக்குக் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பஸ் நிழற்குடை. அதன் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். மடியில் துணிப்பை, அதன் மேல் இரண்டு கையும். ஃபோனைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வந்திருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

துக்க வீட்டில் பால் வண்டிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "பதினோரு மணிக்கு நான் அந்த வழியா போனேங்க. கடைசி பஸ் போயிடுச்சேம்மான்னேன். 'பஸ்ஸுக்கு இல்லப்பா. தம்பி கார்ல ஏதோ சத்தமாம், பாத்துட்டு வந்துடுவான்'னாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. விடிகாலம் திரும்பி வர்றேன்... அதே மாதிரி உக்காந்திருக்காங்க."

"பாவம், புத்தி கலங்கியிருக்கும்" என்றார்கள் எல்லோரும். சித்தி தேம்பித் தேம்பி அழுதாள். நாத்தனார் என்று பெயர்தானே தவிர, இரண்டு பேரும் சிநேகிதிகள் மாதிரி.

சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.

பதினேழு நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் ஷெட்டை விட்டுக் காரை வெளியே எடுக்கிறார். வாசலில் ஒரு சின்னப் பள்ளம். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கியது...

டொக்.

கீ...ச்.

பின்னாடி. இடது பக்கம்.

இறங்கிப் பார்த்தார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் ஆட்டினார். துளி ஆட்டம் இல்லை. கையால் சுழற்றிவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரை பேரிங் பக்கத்தில் வைத்து, அதன் கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டார். பட்டு மாதிரி சுற்றியது. ஆனாலும் அந்த வாரமே ஷாக் அப்சார்பரை மாற்றினார். சத்தம் போகவில்லை. புஷ் மாற்றினார். பேரிங் மாற்றினார். கடைசியில் ஸ்பிரிங்கையும் மாற்றினார்.

டொக். கீ...ச்.

ஷெட்டில் கூட வேலை பார்க்கிற டிங்கர் ஒரு நாள் காரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"அண்ணே, வண்டி சாஞ்சு நிக்குதே."

சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார்கள். வலது பக்கம் நாலு விரல் இடைவெளி. இடது பக்கம் இரண்டே விரல். புது ஸ்பிரிங். காலி வண்டி. சமதளமான தரை.

பாரம் ஏற்றிச் சோதிப்பதற்கென்று ஷெட்டில் இருபது கிலோ மணல் மூட்டைகள் உண்டு. டிங்கர் ஒன்றைத் தூக்கிப் பின்சீட்டில் வலது பக்கம் வைத்தார். வண்டி இன்னும் இடது பக்கம்தான் சாய்ந்திருந்தது. இரண்டாவதை வைத்தார். கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்றாவதை வைத்ததும், தராசு மாதிரி நேராக நின்றது.

"கணக்கா அறுபது கிலோ," என்று கையைத் தட்டிக்கொண்டார் டிங்கர். "உங்க வண்டியில ஏதோ ஒரு அம்மா டிக்கெட் வாங்காம உக்காந்திருக்காங்கண்ணே!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சித்தப்பா முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து இன்னொன்றும் ஆரம்பித்தது. ராத்திரி கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டிவிட்டு வருவார். காலையில் பார்த்தால் பின்பக்க இடது கண்ணாடி மட்டும் மூன்று விரல் இறங்கியிருக்கும். அக்காவுக்குக் காரில் குமட்டும். எப்போதும் அந்த ஜன்னலை மூன்று விரல் இறக்கி, நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் வருவாள்... உள்ளே லேசாக, ரொம்ப லேசாக, தைல வாசனை.

மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். காரை விற்கவும் மனசு வரவில்லை. விற்றால், யாரையோ நடு ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னாரா? மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த ஃபோனையும் சொல்ல வேண்டும்.

சித்திதான் ஒரு ராத்திரி சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "எழுந்திருங்க. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கேக்கணும், அப்பதான் சத்தம் எங்கன்னு தெரியும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல? நீங்க ஓட்டுங்க, நான் கேக்கறேன். இந்தக் காரே உங்களைத் தின்னுடும்போல இருக்கு."

மறுக்க முடியவில்லை. காரைக் கிளப்பியபோது டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்பது நாற்பது.

தெரு முனை வரைக்கும் டொக், டொக். சித்தி பின்பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். "வலது பக்கம் திருப்புங்க... ஐயோ, ஜாஸ்தியாகுது. இப்ப இடது பக்கம்... பாத்தீங்களா, குறையுது!"

திருப்பத்தில் குறைந்தால் பேரிங்தான் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் திருப்பம் முடிந்து, நேர் ரோட்டிலும் சத்தம் குறைந்துகொண்டே போனது. வீட்டுப் பக்கம் திரும்பினால் இடி. வீட்டை விட்டு விலகினால் அடங்கியது. சித்தி உற்சாகமாகிவிட்டாள். "விடாதீங்க, இப்படியே போங்க. எங்க போய் நிக்குதுன்னு பாத்துடலாம்."

அவருக்குத் தெரியும்... எங்கே போய் நிற்கும் என்று.

ஏரிக்கரை ரோடு பிரிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தார். அக்கா போனதற்கப்புறம் அந்தப் பக்கமே அவர் வந்ததில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

ஸ்டீயரிங்கை ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார். அந்த ரோட்டைப் போல மோசமான ரோடு சுற்று வட்டாரத்திலேயே கிடையாது. பள்ளத்துக்குள் பள்ளம். ஆனால் கார்... பூனை மாதிரி போனது. டொக் இல்லை. கீச் இல்லை. ஜன்னலில் இருட்டு. தண்ணீர் வாடை. தவளைச் சத்தம் மட்டும்.

சித்தி முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் நிழற்குடை வந்தது. சிமெண்ட் பெஞ்ச். காலியாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தார். கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து.

அன்றைக்குக் கிளம்பியிருந்தாலும் சரியாக இந்த நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். பால் வண்டிக்காரர் அவளோடு பேசியது பதினோரு மணிக்கு.

"என்னங்க இது... இங்க ஏன்..." சித்தி அவர் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு ஃபோன் பண்ணது கஸ்டமர் இல்ல. அக்கா."

சித்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"கார் இருக்கான்னு கேட்டுச்சு. கூட்டிட்டுப் போன்னு அடுத்து கேக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும். கேக்கவே விடல. கார்ல சத்தம் வருது, பாத்துட்டு வர்றேன்னேன். ஒரு சத்தமும் இல்ல. வண்டி நல்லா இருந்துச்சு. எனக்கு... அலுப்பா இருந்துச்சு. அவ்ளோதான். நாளைக்குத் திரும்பப் போகப்போற ஆளுக்கு நாப்பது கிலோமீட்டரான்னு இருந்துச்சு."

சித்தி அவர் கை மேல் இருந்த தன் கையை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில்தான் மனிதர் உடைந்து போனார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, முன்னால் இருக்கிற கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட் காலி. இடது ஜன்னல் மூன்று விரல் இறங்கியிருந்தது. வாசனை இப்போது லேசாக இல்லை. கண் எரிகிற அளவுக்குத் தைலம்.

சித்திக்கும் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார். குரல் பத்து வயசுப் பையன் குரல் மாதிரி இருந்ததாம்.

"அக்கா... அன்னிக்கு நீ கேக்க வந்ததை நான் கேக்க விடல. இப்ப கேளுக்கா."

எஞ்சின் சூடு ஆறுகிற 'டிக்... டிக்...' சத்தம். ஏரியில் தவளைகள் ஒரே சமயத்தில் நின்றன.

பின்சீட் ஸ்பிரிங் மெல்ல முனகியது. யாரோ மடியில் பையைச் சரியாக வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்வது போல.

அப்புறம், இரண்டு பேருக்கும் நடுவில், தோளுக்குப் பக்கத்தில்... கோபமே இல்லாத குரல்.

"சத்தம் நின்னுடுச்சா சின்னவனே?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப என்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா."