கட்டைச்சுவர்மேல் வைத்த பாட்டில்

கண்ணாடிப் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. எவ்வளவு அலசினாலும் உள்ளே ஒரு படலம் தங்கிவிடும். அப்புறம் தண்ணீர் தெளிவா கலங்கலா என்று கண்ணால் சொல்ல முடியாது. கொஞ்சம் மணலைப் போட்டுக் குலுக்கினால் போதும்.

உங்கள் மேசைமேல் இருக்கிற பாட்டில் யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அணை எங்கள் பண்ணை முதலாளியின் சொந்தம். அவருடைய அப்பா மண்ணைக் கொட்டிக் கட்டியது. மேலே படகு விட ஒரு ஏரி, கீழே வேலையாட்கள் குடியிருப்பு. நான் பிறந்தது அந்தக் குடியிருப்பில். எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்க வைத்தவர் முதலாளி. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "நம்ம சமையக்காரம்மா பொண்ணு, நான்தான் இன்ஜினியர் ஆக்கினேன்" என்று காட்டுவார், புதுப் படகைக் காட்டுகிற மாதிரி. பிறகு அணையைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் கொடுத்தார்.

மண் அணை என்றால் கொஞ்சம் கசியும். அதில் பயமில்லை. கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை அணை நன்றாக இருக்கிறது. கலங்கி வந்தால் உள்ளே மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது, வயிற்றுக்குள் பொந்து விழுகிறது என்று அர்த்தம். அதனால் காலையில் அணை அடிவாரத்துக் கசிவில் ஒரு பாட்டில் பிடித்து, குடியிருப்பின் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்திலுள்ள கட்டைச்சுவர்மேல் வைப்பேன். நான் கொண்டுவந்த பழக்கம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா. குடத்தோடு வருகிறவர்கள் முதலில் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள். தெளிந்திருந்தால் அன்றைய பொழுதுக்குக் கவலையில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பாட்டில் கலங்கியிருந்தது. அப்படியே வைத்தேன். குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். முதலாளி ஒரு மூத்த பொறியாளரைக் காரில் அழைத்து வந்தார். அவர் குடை பிடித்துக்கொண்டு அணைமேல் ஒரு நடை நடந்தார். "மேல்மண்ணு மழையில கரைஞ்சு கசிவுல கலந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல. சின்னப் பொண்ணு, புத்தகத்துல படிச்சதை நெனச்சுப் பயந்திருச்சு" என்றார். மறுநாள் தண்ணீர் தெளிந்தது. அவர் சொன்னது சரி. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அன்றைக்குக் குழாயடியில் சித்தி பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தங்கை, பக்கத்து வீடு.

"உன் பாட்டில நம்பி அடுப்புல வச்சதை அப்படியே போட்டுட்டு ஓடினேன்டி. பாத்திரம் கரிக்கட்டையாப் போச்சு. யாரு வாங்கித் தருவா, உன் காலேஜா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"விடுங்கக்கா," என்றார் டிராக்டர் ஓட்டுகிற அண்ணன். "பாட்டில் இன்ஜினியர் வர்றாங்க, வழி விடுங்க."

அந்தப் பெயர் நின்றுவிட்டது. பேசத் தொடங்கியிருந்த குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை. முதலாளி மட்டும் கோபப்படவில்லை. "இனிமே யாரையும் பயமுறுத்தாதம்மா. கலங்கினா என்கிட்ட வந்து சொல்லு, பாத்துக்கலாம்" என்றார். நியாயமாகத்தான் பேசினார்.

இந்த முறை மழை இல்லை. வெயில் கொளுத்தியது. மேல்மண் கரைய வழியே இல்லை. பிடித்த பாட்டிலை நிழலில் வைத்துக் காத்திருந்தேன்; அடியில் விரல் கனத்துக்கு மண் படிந்தது. புரிந்துவிட்டது. நான்கு வருடம் கண் விழித்துப் படித்தது வீண்போகவில்லை என்று ஒரு திருப்திகூட இருந்தது.

தண்ணீரைக் கொட்டினேன். மணல் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். குடிநீர்க் குழாயில் நிரப்பினேன். மூடியை இறுக்கித் திருகிச் சுவர்மேல் வைத்தேன். அவர்கள் கேட்டது தெளிந்த தண்ணீர். அதைக் கொடுத்தேன்.

"பாரேன், பளிங்கு மாதிரி இருக்கு," என்றாள் சித்தி. "நீயும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா என்னடி?"

சிரித்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே செய்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லியாகிவிட்டது அல்லவா.

மதகைத் திறந்து ஏரியை வடித்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருக்கலாம். சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. திறக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

ஒருநாள் பாட்டிலைச் சுவர்மேல் வைத்த கையோடு, அம்மாவைக் கண் பரிசோதனைக்கு என்று நகரத்தில் மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ் ஏறும்போது, "சித்தியையும் கூட்டிட்டுப் போலாம்டி, அவளுக்கும் பார்வை மங்குதுன்னு சொன்னா" என்றாள்.

"அவங்களை இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா."

அணை மறுநாள் காலையில் உடைந்தது. குழாயடியில் வரிசை நின்றிருக்கிற நேரம். சத்தம் கேட்டதும் சிலர் மேட்டைப் பார்த்து ஓடத் திரும்பினார்களாம். சித்திதான், "பாட்டில் தெளிஞ்சுதானே இருக்கு, எங்க ஓடுறீங்க" என்று நிறுத்தினாளாம். பிழைத்த ஒருவர் ஆஸ்பத்திரியில் சொன்னார். அவள் என்னை நம்பினாள் என்று கேட்டபோது நெஞ்சு நெகிழ்ந்தது.

முதலாளிக்குப் புரியட்டும் என்றுதான் செய்தேன். அவர் வீடு மேட்டில் இருக்கிறது, செருப்புகூட நனையவில்லை. அதை முன்பே யோசிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன்.

அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. சித்தி வீட்டுச் சாவி அவளிடம் ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வயதானவர்கள், கொஞ்சநாளில் சரியாகிவிடும்.

நீங்கள் அந்தப் பாட்டிலை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அத்தனை சேற்றுக்குள் கிடந்ததை எடுத்திருக்கிறீர்கள். உள்ளே ஒரு தூசி இருக்கிறதா? வேலையில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.