படம் எடுக்கக் கூடாத கூடாரம்

குழந்தையோடு விழாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது, மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். தண்ணீர், தொப்பி, ஈரத்துணி எல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செருப்புதான் மறந்துபோகும். புல்தரையில் எங்கேயோ ஒன்று கழன்று விழும், அதற்குப் பிறகு பிள்ளை நாள் முழுக்க உங்கள் இடுப்பில்தான்.

மேடம், நீங்கள் கேட்கக் கேட்க உங்கள் காவலர் எழுதிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலேயே நான் சொல்லாததையெல்லாம் என் வாயில் போட்டுவிட்டார். அதனால்தான் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். எழுதுவது என் தொழில். பெற்றோர்களுக்காக வலைப்பதிவு நடத்துகிறேன். மகள் பிறந்த கையோடு தொடங்கியது, அவளுக்கு இப்போது ஆறு வயது. பதிவில் அவள் பெயர் சிட்டு. நான் சிட்டு அம்மா. முதல் பல், முதல் காய்ச்சல், பள்ளிக்கூட வாசலில் அழுத முதல் அழுகை, எல்லாம் படத்தோடு போட்டிருக்கிறேன். அவளைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் பிள்ளை வளர்க்கவே கற்றுக்கொண்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்களே தேடிப் பார்க்கலாம்.

படத்துக்கு நிற்பதற்காக அவளுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்திருந்தேன். சிலை விளையாட்டு. அம்மா 'போதும்' என்று சொல்லும்வரை அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கொசு கடித்தால்கூடச் சிட்டு அசைய மாட்டாள். பதிவர் மாநாடுகளில் மற்ற அம்மாக்கள் வாயைப் பிளப்பார்கள். "எப்படிங்க உங்க பொண்ணு மட்டும் இப்படி?" என்பார்கள். வளர்ப்பு என்று சொல்லிவிட்டு வருவேன்.

ரெட்டை அம்மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரட்டைப் பையன்களைப் பெற்றவள், பதிவுலகில் அதுதான் அவள் பெயர். அவளுக்குப் பதிவு எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். முதல் மாநாட்டுக்கு என் காரில் வந்தாள். வழியெல்லாம் "அக்கா, தலைப்பு எப்படி வைக்கணும்? அக்கா, படம் எத்தனை போடணும்?" என்று என் காதைத் தின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

போன வருட மாநாட்டில் பெரிய மண்டபத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். மேடையேறி நின்று, "பசங்க ரெண்டு பேரும் வந்து, எங்க படத்தப் போடாதம்மான்னு சொன்னாங்க. அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவங்க முகம் அவங்களோடது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தட்டிக்கொண்டே பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் சிட்டு, நான் போட்டுவிட்ட மஞ்சள் கவுனில், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் கற்றுக்கொடுத்த எழுத்து, நான் கூட்டி வந்த கூட்டம், அதன் நடுவில் நின்றுகொண்டு என்னைக் குற்றவாளியாக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். என் உரை அன்று மாலை, கழிப்பறையை ஒட்டிய அறையில். வந்தவர்களில் இரண்டு பேர் செல்போன் சார்ஜ் போட இடம் தேடி வந்தவர்கள்.

அதற்குப் பிறகு என் பதிவைப் படிக்கிறவர்கள் கரைந்துகொண்டே போனார்கள். படித்தவர்களும் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். "குழந்தையைக் கேட்டீங்களா?" என்று ஒருத்தி. பிள்ளையே இல்லாதவள். வீட்டில் என் கணவரும் அதே பாட்டுத்தான். "போனைத் தூக்கினாலே முகத்த மூடிக்கிறா பாரு. விட்டுடேன்" என்றார். பெற்ற நாளிலிருந்து ஒரு இரவுகூட முழுசாகத் தூங்காதவள் நான். எனக்குச் சொல்கிறார்கள்.

எங்கள் பதிவர்கள் நடத்துகிற இந்த வருடக் குடும்ப விழாவில் குழந்தைகள் கூடாரம் ரெட்டை அம்மாவின் பொறுப்பு என்று அறிவித்தார்கள். பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஊர்சுற்றலாம். கூடார வாசலில் ஒரு பலகை, உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று. விழாவுக்கு முந்தின வாரம் அந்தப் பலகையின் படத்தை மட்டும் தன் பதிவில் போட்டிருந்தாள். அதைச் சிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அங்க யாரும் படம் எடுக்க மாட்டாங்களாம்மா? நான் அங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அதையும் படம் எடுக்கத்தான் கை போனது, அதற்குள் மூடிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். படத்தில் பிள்ளைகளின் முகத்தை மறைப்பவள் குழந்தையைக் காப்பாற்றிவிடுவாளா? அது இரண்டும் ஒன்றா? ஊருக்கு அதைக் காட்டியாக வேண்டும். அவளுடைய கூடாரத்திலிருந்து ஒரு குழந்தை தொலைய வேண்டும், கொஞ்ச நேரம் எல்லாரும் பதற வேண்டும், பிறகு அந்தக் குழந்தை அதன் அம்மாவின் கையிலேயே கிடைக்க வேண்டும். தொலைந்து கிடைக்காத குழந்தையின் கதையை யாரும் கடைசிவரை படிக்க மாட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, மேடம். விழா முடிந்து வீட்டுக்குப் போய் எழுதினால் சூடு ஆறிவிடும். அதனால் முன்னாடியே எழுதி, நேரம் குறித்து வைத்துவிடுவோம். குறித்த நேரத்தில் பதிவு தானாகவே வெளியாகும். விழா அருமை, சாப்பாடு பிரமாதம், பிள்ளைகள் திரும்பி வரவே மறுத்தார்கள் என்றெல்லாம் நீங்கள் படிப்பது முக்கால்வாசி அப்படி எழுதியதுதான். நானும் எழுதி வைத்தேன். ரெட்டை அம்மாவின் கூடாரத்தில் என் சிட்டு தொலைந்ததையும், நான் பைத்தியக்காரி மாதிரி ஓடியதையும், சாலையோரம் தனியாக நின்றவளை வாரி அணைத்ததையும். எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

விழாவன்று சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். மேடையில் ஒவ்வொருவராக அவரைப் புகழ்ந்து தீர்ப்பதற்குள் எல்லா நிகழ்ச்சியும் தள்ளிப்போனது. அதுவரை சிட்டு என் பக்கத்திலேயே இருந்தாள். பிறகுதான் கூடாரத்தைத் திறந்தார்கள். அவளை உள்ளே விட்டேன். ரெட்டை அம்மா அவள் மணிக்கட்டில் அட்டை கட்டி, கன்னத்தைத் தட்டி, அழைத்துப் போனாள். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் துணியைத் தூக்கிக் கூப்பிட்டேன். சிட்டு தவழ்ந்து வந்தாள்.

"படம் எடுக்கப் போறியாம்மா?" என்றாள்.

"இல்ல. சிலை விளையாட்டு மட்டும்தான்" என்றேன். அது உண்மைதான்.

கூடாரத்துக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வந்த கரடி வேஷக்காரரின் வேன் நின்றிருந்தது. காலையில் கரடித் தலையை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார், வேனை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும், சாவியும் அதிலேயே தொங்கும், அதை முன்னாடியே பார்த்து வைத்திருந்தேன். வேஷப் பெட்டிகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன். நல்ல வெயில்.

மூடிய வண்டிக்குள் குழந்தையை விட்டுப் போகாதீர்கள் என்று நான் எழுதிய பதிவைத்தான் இன்றுவரை அதிகம் பேர் படித்திருக்கிறார்கள். உள்ளே சூடு எப்படி ஏறும், சின்ன உடம்பு எப்படிப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கொதித்துப்போகும் என்று ஒரு டாக்டரைக் கேட்டு எழுதினேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டாள் என்று என் வக்கீல் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தெரியாமல் இருக்கிற அளவுக்கு நான் பொறுப்பில்லாத தாய் இல்லை.

நேரே கூடார வாசலுக்குப் போய் என் குழந்தை எங்கே என்று கேட்டேன். ரெட்டை அம்மா உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது. மைக்கில் கூப்பிட்டார்கள். பாட்டை நிறுத்தினார்கள். எல்லாரும் நாலா பக்கமும் ஓடினார்கள். சிட்டு பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது என் பதிவு வெளியானது.

நிகழ்ச்சி தள்ளிப்போன பரபரப்பில் நேரத்தை மாற்றி வைக்க மறந்திருந்தேன். தேடப் போனவர்கள் ஆங்காங்கே நின்று செல்போனைப் பார்த்தார்கள். "கிடைச்சிட்டாளாம்! சிட்டு அம்மாவே போட்டுட்டாங்க!" என்று ஒரு குரல். விழா ஒருங்கிணைப்பாளர் மைக்கில் நன்றி சொன்னார். பாட்டு திரும்ப ஆரம்பித்தது. யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். இன்னும் கிடைக்கவில்லை, தேடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பதிவு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். அதனால் நானும் சிரித்தேன்.

ரெட்டை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, எங்க இருக்கா? ஒரு தடவ பாத்துடுறேன்" என்றாள்.

"அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"பரவால்லக்கா, அவர் போன் நம்பர் குடுங்க. குரலையாவது கேட்டுடுறேன்."

"உன்கிட்ட விட்டுத்தானே தொலைஞ்சா. போதும், போ" என்றேன். தலைகுனிந்தாள். ஆனால் போகவில்லை.

நான் வேனுக்குப் போனேன். திறந்து அவளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது என்றுதான் போனேன், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் கை வைத்தபோது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, போதுமா?" என்றாள். திரும்பிப் பார்த்தால் கூடாரத்து முனையில் ரெட்டை அம்மா என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வருகிறவள் மேல் கோபம், தட்டுகிறவள் மேலும் கோபம். மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, இத்தனை நாளில் ஒரு தடவைகூட விதியை மீறாதவள், இவள் வருகிற நேரம் பார்த்துத்தானா தட்ட வேண்டும்? கதவோரம் வாயை வைத்து "ஷ்ஷ்" என்றேன். தட்டுவது நின்றுவிட்டது.

கைப்பிடியை விட்டுவிட்டு, வந்தவளின் தோளில் கை போட்டு மறுபக்கம் அழைத்துப் போனேன். அவளை அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். பதிவுக்கு மறுமொழிகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. அந்தக் கூடாரத்தை இழுத்து மூடச் சொன்னார்கள். "நீங்கதான் உண்மையான அம்மா" என்று எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். எழுதியவர்களுக்குப் பதில் போடுவது மரியாதை. எவ்வளவு நேரம் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் கவனிக்கவில்லை. என்னை மறுபடி படிக்க ஆரம்பித்திருந்தார்கள், மேடம்.

ரெட்டை அம்மா யாரிடமோ என் கணவரின் எண்ணை வாங்கிப் பேசியிருக்கிறாள். அவர் அலுவலகத்தை விட்டே கிளம்பவில்லை. அவள் கூடார முளை அடிக்கிற சுத்தியலோடு வேனை நோக்கி ஓடுவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

அங்கே இருந்தவர்கள் எடுத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துவண்டு கிடக்கிற என் மகளைத் தூக்கிக்கொண்டு, நான் நிற்க வேண்டிய இடத்தில் அவள் ஓடுகிறாள். ஒரு படத்தில்கூடச் சிட்டுவின் முகம் தெரியவில்லை. அந்த அவசரத்திலும் தன் கையால் மறைத்திருக்கிறாள். எவ்வளவு திமிர் இருந்தால் அந்த நேரத்திலும் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

கூடாரத்திலிருந்து குழந்தையை எடுத்தது நான். வேனில் வைத்துச் சாத்தியது நான். தட்டியது கேட்டும், அந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று தெரிந்தும், திறக்காமல் வந்தது நான். யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆஸ்பத்திரியில் சிட்டு கண் விழித்துவிட்டாள் என்று காலையில் சொன்னீர்கள். யாரோடும் பேசவில்லை, நர்ஸிடம் மட்டும் "அம்மா கோவமா இருக்காங்களா?" என்று கேட்டாள் என்றும் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் ஏன் அப்படி ஆனது என்று எனக்குப் புரியவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இதெல்லாம் சகஜம். அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் தட்டினதை அம்மா மன்னித்துவிட்டாள் என்று.