நாய்க்குப் போட்ட கதவு

— கொக்கரிங்க அத்தான்.

— மாட்டேன்.

— ஒரே ஒரு தடவ.

— அறுபது வயசாகப் போகுது மாப்ளே எனக்கு. ஊருல பாதிப் பேரு வாயில நான் செஞ்ச பல்செட்டுதான் இருக்கு. நான் செஞ்ச பல்ல மாட்டிக்கிட்டு அவனவன் மேடை ஏறிப் பேசுறான். நான் என்னடான்னா கோழிக்கூண்டுல குந்திக்கிட்டுக் கொக்கரிக்கணுமா?

— திட்டம் உங்களோடதுதானே? கோழியெல்லாத்தையும் ஹால்ல விட்டுட்டு, நாம கூண்டுக்குள்ள உக்காந்து, நாய் உள்ள வந்ததும் கொசுவலையப் போட்டு அமுக்கிரலாம்னு சொன்னது யாரு?

— சொன்னேன்... கொக்கரிக்கணும்னு சொல்லலையே.

— உள்ள கோழி இருக்குன்னு நாய்க்கு எப்படித் தெரியும்?

— நீ கொக்கரியேன்.

— நான் கொக்கரிச்சாச்சு. மூணு நாயும் தலையத் தூக்கிப் பார்த்துச்சு. மறுபடியும் படுத்துக்கிச்சு.

— அப்ப உன் கொக்கரிப்புலதான் ஏதோ கோளாறு.

— என் கொக்கரிப்புல ஒரு கோளாறும் இல்ல. ஹால்லருந்து சேவல் பதில் சொல்லிச்சு, கேக்கல?

— ...காலைக் கொஞ்சம் நகட்டு. முட்டை.

— எங்க?

— உன் குதிகாலுக்கு அடியில... இருந்துச்சு.

— ஐயய்யோ... கொழகொழன்னு... அக்கா கொன்னுருவா.

— அவ தையல் கிளாஸ் முடிஞ்சு வரதுக்குள்ள துடைச்சுரு. அந்தக் கொசுவலை நுனியில துடை.

— அதுவும் அவளோடதுதான்.

— நடுவுல துடைக்காதே. நுனியில.

— சரி, ஒண்ணு கேக்குறேன். கதவு சாத்திக் கெடக்கு. நாய் எப்படி உள்ள வரும்?

— ...அது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

— நாய் உள்ள வந்தப்புறம்தானே கதவு சாத்தணும்? நாம உள்ள நுழைஞ்சதுமே சாத்திக்கிச்சே.

— காத்து.

— காத்தா? கொடியில ஒரு துண்டு அசையல.

— அப்ப அடிச்சுச்சு. இப்ப நின்னுருச்சு. காத்து என்ன உன் மாமனா, கேட்டதும் வந்து நிக்க?

— இது லிஃப்ட் கதவு அத்தான். பழைய லிஃப்ட்லருந்து கழட்டிட்டு வந்து வச்சேன். ஸ்ப்ரிங் போட்டது. சாத்தினா சாத்தினதுதான். வெளியில இருக்கிற கொக்கியத் தூக்கினாத்தான் நகரும்.

— கோழிக்கூண்டுக்கு எதுக்குய்யா லிஃப்ட் கதவு? உங்க அக்கா கோழி மூணாவது மாடிக்குப் போகுமா?

— நாய் மூக்கால தள்ளிக்கிட்டு வந்துரக் கூடாதுன்னுதான். லிஃப்ட் மெக்கானிக்கு லிஃப்ட் கதவுதான் செய்வான். பல்லு செய்றவர் கிட்டக் குடுத்திருந்தா கூண்டுக்குக் கடைவாய்ப்பல்லா வச்சிருப்பீங்க?

— கையை வெளிய விட்டுத் தூக்கிப் பாரேன்.

— ரெண்டு விரல்தான் போகுது. கொக்கி மேல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடலாமா?

— எதுக்கு? கோழிக்கூண்டுல மாட்டிக்கிட்டோம்னு தெரு முழுக்கத் தமுக்கடிக்கவா?

— அதுவும் சரிதான்.

— மானம் போயிரும்.

— சரிதான்னு சொல்லிட்டேனே.

— கொஞ்ச நேரம் பொறுப்போம். உங்க அக்கா வந்துருவா.

— பஸ்ஸு போயிருமே அத்தான். சாயந்தர பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்.

— போனாப் போகுது.

— போனாப் போகுதா? நேத்தே பை கட்டி வச்சாச்சு. நாயப் பிடிச்சு, நாய் வண்டிக்காரன்கிட்ட ஒப்படைச்சுட்டு, இன்னிக்குக் கிளம்புறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.

— உன் பைய எங்க வச்ச?

— ஹால்ல. சோபா பக்கத்துல.

— ஜிப்பப் போட்டியா?

— ...ஏன்?

— இங்கருந்து ஜன்னல் வழியா தெரியுது. அந்த வெள்ளப் பெட்டை உள்ள எறங்கி உக்காந்திருக்கு. சட்டையெல்லாம் காலால சீச்சு சீச்சு ஒழுங்கு பண்ணிக்கிட்டிருக்கு.

— என் இஸ்திரி போட்ட சட்டை!

— முட்டையிடப் போகுது போலிருக்கு. முகத்தப் பார்த்தாத் தெரியுது.

— ச்சூ... ச்சூ! ஏய்!

— கத்தாதே. முட்டையிடுற நேரத்துல அதட்டக் கூடாது.

— போன் வேற அடிக்குது உள்ள.

— உங்க அக்காவாத்தான் இருக்கும். வர லேட்டாகும்னு சொல்வா.

— யாரு எடுக்குறது?

— சேவல் பக்கத்துலதான் நிக்குது.

— சிரிக்காதீங்க அத்தான். ரெண்டு நாளுன்னு வந்தவன் நான். அந்தச் சாம்பல் பெட்டைய நாய் தூக்கிட்டுப் போன அன்னிக்கு அக்கா அழுதுக்கிட்டே போன் பண்ணா. 'வேலி போட்டுக் குடுடா தம்பி, ரெண்டு நாள் வந்து இரு'ன்னா. மழைக்கு முன்னாடி வந்தேன். மழையே முடிஞ்சு போச்சு.

— நாய் வரது நிக்கலையே. நீ என்ன பண்ணுவ?

— விருந்தும் மருந்தும் மூணு நாளு. போன வாரம் கல்யாண வீட்ல உங்க பெரியப்பா மகன் கேட்டாரே... எல்லார் முன்னாடியும்.

— என்ன கேட்டான்?

— 'என்ன, அக்கா வீட்டுக்கு நாய்க் காவலா நீயே நிரந்தரமா?'ன்னார்.

— அவன் பல்செட்டு நான் செஞ்சதுதான். அப்பவே கொஞ்சம் இறுக்கமா செஞ்சிருக்கணும்.

— அவர் கேட்டதுல என்ன தப்பு?

— அவன் கேட்டதெல்லாம் ஒரு கேள்வியா? அவன் மூணு வேளையும் மாமியார் வீட்ல தின்னு வளந்தவன்.

— இல்ல அத்தான். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துரணும். அதோ நடுவுல படுத்திருக்கே, ராட்சசி... அத மட்டும் பிடிச்சாப் போதும். அதுதான் தலைவி. மத்த ரெண்டும் சும்மா எடுபிடி. அது கடிச்சுதுன்னா எலும்பு வரைக்கும்...

— அதுக்கு எங்க பல்லு இருக்கு?

— என்ன?

— ஒண்ணுமில்ல.

— பல்லு இல்லைன்னீங்களே.

— வாய் தவறி வந்துருச்சு.

— அத்தான்.

— ...உங்க அக்கா செருப்ப ஒரு நாள் கவ்விக்கிட்டுப் போச்சுல்ல. திரும்பக் கெடைச்சப்ப பார்த்தேன். ஒரு பல்லுத் தடம் இல்ல, எல்லாம் எச்சில். சந்தேகமாப் போச்சு. பட்டறையில பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவக் கொஞ்சம் கொண்டாந்து, அது வாயில வச்சு அச்சு எடுத்தேன்.

— நாய்க்கு அச்சு எடுத்தீங்களா!

— கைப் பழக்கம். சொன்ன பேச்சு கேட்டு வாயத் தொறந்துச்சு, நம்ம ஆளுங்கள விட. மேல ரெண்டே ரெண்டு. கீழ முழுக்கக் காலி. மத்த ரெண்டும் குட்டிங்க, அது போற எடத்துக்குப் பின்னாடியே போகும், அவ்வளவுதான்.

— எப்ப எடுத்தீங்க?

— வேலிக்குக் கம்பி வாங்கினோமே... அந்த வாரம்.

— அப்ப மழையே ஆரம்பிக்கல! இத்தனை நாளா கட்டையும் கையுமா காவல் நிக்கிறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— ஆசையா நின்ன. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.

— பல்லு கொஞ்சம்தான் இருக்குன்னு எனக்கும்தான் தெரியும். இல்லாட்டி தினமும் ரொட்டியப் பால்ல ஊறவச்சா...

— எந்த ரொட்டிய மாப்ளே?

— எந்த ரொட்டியும் இல்ல.

— பால்ல ஊறவச்சு?

— பாவமா இருந்துச்சு அத்தான். வயித்துக்கு இல்லாமத்தானே கோழி மேல பாயுது? வயிறு ரொம்பினா விட்டுரும்னு பார்த்தேன். விட்டுருச்சுல்ல? சாம்பல் பெட்டைக்கு அப்புறம் ஒரு இறகு போகலையே.

— காலையிலயா வைப்ப?

— காலையில. நீங்க குளிக்கப் போறப்ப.

— அதான் மத்தியானம் நான் வச்சா முனகிக்கிட்டே தின்னுச்சா!

— நீங்களுமா?

— அது மூஞ்சப் பார்த்தா அப்படி இருக்கு...

— அதான் இப்படி உருண்டு கெடக்கு மூணும்! நான் தொரத்துனா ஓடாம நடந்து போறப்பவே யோசிச்சேன். நாயத் தொரத்த வந்த காவல்காரனும் சோறு வச்சு, வீட்டுக்காரரும் சோறு வச்சு... அத்தான், நீங்க எதுக்கு வச்சீங்க? உண்மையச் சொல்லுங்க.

— நாய் வராட்டி நீ போயிருவ.

— கால் மரத்துப் போச்சு.

— நீ வரதுக்கு முன்னாடி இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. உங்க அக்கா கோழிகிட்டப் பேசுவா. நான் பல்லுகிட்டப் பேசுவேன். பிள்ளைங்க அவனவன் வேலையப் பார்த்துக்கிட்டுத் தூரத்துல. நீ வந்தப்புறம்தான் மனுஷன் மாதிரி ஒரு சண்டை போட்டிருக்கேன். நீ போறேன்னு பை கட்டினதப் பார்த்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல. ஒளிச்சு என்ன ஆகப் போகுது?

— போய்த்தானே ஆகணும் அத்தான். ஒரு மரியாதைன்னு இருக்குல்ல. வீடு பூட்டிக் கெடக்கு.

— பூட்டிக் கெடந்தா என்ன, அழுவுதா?

— என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தப்புறம் அந்த வீட்ல யாரு இருக்கா, சொல்லுங்க. நான் நாள் முழுக்கப் பேசின ஒரே ஆளு லிஃப்ட்டுதான். 'கதவை மூடவும்'னு சொல்லும். 'சரிம்மா'ம்பேன். வேலையும் நின்னப்புறம் அந்தப் பேச்சும் போச்சு. ஆனாலும் அது என் வீடு. போகத்தான் வேணும்... அது என்ன சத்தம்?

— எது?

— ஹாரன். மெயின் ரோட்டுல.

— லாரியா இருக்கும்.

— இல்ல. பஸ்ஸுதான். மூணு தடவ அடிச்சுட்டுத் திரும்புவான்... திரும்பிட்டான்... போச்சு.

— போயிருச்சா?

— போயிருச்சு அத்தான்.

— ...மாப்ளே, கோவிச்சுக்காதே. கதவு காத்துல சாத்தல.

— தெரியும்.

— தெரியுமா?

— காத்து சாத்தியிருந்தா உங்க சட்டை கதவுல மாட்டியிருக்காது. உங்க சட்டைக் கையி இப்பவும் கதவு இடுக்குல மாட்டிக்கிட்டிருக்கு பாருங்க.

— அட, ஆமா. உள்ள நுழையறப்ப இழுத்துச் சாத்திட்டேன். திட்டம், கொசுவலை, எல்லாம் அதுக்குத்தான். பஸ்ஸு போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு... ஆனா உள்ளருந்து தொறக்க முடியாதுங்கிறத யோசிக்கல. ரொம்ப நேரமா எனக்கு ஒண்ணுக்கு வேற முட்டிக்கிட்டு நிக்குது.

— சொல்லக் கூடாதா?

— எப்படிச் சொல்றது? சொன்னா நீ பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிட்டிருப்ப. பஸ்ஸுக்கும் போயிருப்ப... நாயெல்லாம் எந்திரிச்சு ஓடுது பாரு.

— கேட்டுப் பக்கம். அக்கா!

— ஏங்க... யாரு அது கூண்டுக்குள்ள? டேய் தம்பி, நீயா? ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?

— நாய் பிடிக்கிறோம்.

— நாய் இங்க என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நீங்க அங்க யாரப் பிடிக்கிறீங்க? இரு ராட்சசி, இரு, பொட்டலத்தப் பிரிக்க விடு. காலையில இவன் வச்சான், மத்தியானம் இவரு வச்சாரு, அதுக்குள்ள என்ன பசி உனக்கு?

— உனக்குத் தெரியுமா!

— பால் சட்டி கழுவுறவ யாருங்க? எனக்குத் தெரியாமப் போகுமா?

— அப்ப நீயும் எதுக்குடி வைக்கிற?

— ஒரு நாளு மழையில அதுங்க வரல. அன்னிக்கு இவன் பஸ்ஸு விசாரிச்சான். அன்னிலருந்து வைக்கிறேன். 'இங்கயே இருக்கேன்'னு இவன் வாயால சொல்ல மாட்டான். 'இருடா'ன்னு நான் சொல்லப் போனா அழுகை வந்துரும். நாயே சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

— அக்கா...

— பேசாதடா. என்னை விட்டுட்டுப் போறேன்னு பை கட்டினவன்தானே நீ. ஹால்ல என்னங்க சத்தம்?

— கோழி.

— எத்தனை?

— ...எல்லாம்.

— என் சோபா! நேத்துதானே உறை மாத்தினேன்! இருங்க, அதுங்கள வெளிய ஓட்டிட்டு வந்து உங்களக் கவனிச்சுக்கிறேன்.

— அடியே, முதல்ல கதவத் தொற! அவசரம்! கொக்கிய மட்டும் தூக்கிட்டுப் போ... போயிட்டா. கேக்காமலே போயிட்டா. மாப்ளே, இனி தாங்காது. மானம் நிஜமாவே போயிரும். என்னமாவது பண்ணு!

— அவ்வளவு அவசரமா?

— விளையாடாதே!

— அப்படின்னா கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு சிவப்புக் கம்பி தொங்கும். அத இழுத்தா கதவு தொறந்துக்கும். உள்ள ஆளு மாட்டினா வெளிய வர வழி வைக்காம எந்த லிஃப்ட் மெக்கானிக்காவது கதவு செய்வானா?... இருங்க, இருங்க, இழுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அத்தான்... பஸ்ஸு போனது நிச்சயம்தானே?