முத்துராணியின் தனியும் எங்கள் உளுந்த வடையும்

“மத்த மூணு பேருக்கும் அந்தப் பிள்ளையோட சண்டையா, சார்வாள்?”

சென்ற ஆண்டு, இதே மன்றத்தில், இதே போன்றதொரு ஞாயிறு மாலையில், கையில் உளுந்த வடையோடு நின்றிருந்த என்னைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வி இது. அன்று நான் சொன்ன பதில் தவறு. முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்து, ஆயிரம் ஆயிரம் பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்தவன், இன்று என் தவறை நானே சுழித்துக்கொள்ள வந்திருக்கிறேன்.

அதற்கு முன் வணங்க வேண்டியவர்களை வணங்கிவிடுகிறேன். இந்த அவையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர் மஹாலக்ஷ்மி அம்மையார் அவர்களே. அறிவாலும் ஆண்டாலும் மூத்து, முதல் வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே. இரவுச் சமையலை மதியமே முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. போனதும் அதைச் சூடு பண்ணித் தரப்போகும் தந்தையர்களே. என்னை மறக்காத மாணவர்களே, மறந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாணவர்களே. தாமிரபரணித் தண்ணீர் குடித்துத் தழைத்த தமிழ் நெஞ்சங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்று நம் ஜாஸ் நால்வர் குழுவுக்கு முதலாம் ஆண்டு விழா. ஜாஸ் என்றால் என்ன? அமெரிக்காவின் கறுப்பின மக்கள் கண்ணீருக்கு நடுவே காலாடக் கண்டெடுத்த இசை. அதிலே ஸ்விங் என்பது ஒரு நடை. எப்படிப்பட்ட நடை? படைவீரன் நடையா? இல்லை. பரீட்சைக்குப் போகும் பையன் நடையா? அதுவும் இல்லை. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை வாங்க முக்குக் கடைக்குப் போகிறவன் நடை இருக்கிறதே, அதுதான் ஸ்விங். போய்ச் சேர வேண்டும், ஆனால் அவசரமில்லை. அடி தவறாது, ஆனால் தோள் கொஞ்சம் அசையும். பின்னால் ஒருவர் எழுந்து நடந்தே காட்டுகிறார். சரியாக இருக்கிறது ஐயா, உட்காருங்கள்.

நால்வரில் கிளாரினெட் வாசிப்பவர் கோமதிசங்கர். கல்யாண பேண்டு செட்டில் வாசித்தபோது மாப்பிள்ளையைவிட நிமிர்ந்து நடந்தவர். பியானோ ஹரீஷ். டிரம்ஸ் மேலப்பாளையத்து சல்மான் ஃபாரிஸ். அவர் தட்டிப் பார்க்காத பாத்திரம் அவர் வீட்டில் கிடையாது. நான்காவது முத்துராணி. மாஞ்சோலையில் பிறந்தவள், தேயிலைத் தோட்டத்தை விட்டு மலையிறங்கிய குடும்பம், கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் வாசிப்பது டபுள் பாஸ். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வயலினுக்கு ஒரு பெரியப்பா இருந்தால் எப்படி இருப்பார், அப்படி இருக்கும். ஆளைவிட உயரம். கோவாவில் பழையதாக வாங்கி ரயிலில் கொண்டு வந்தபோது, பரிசோதகர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவருக்கு டிக்கெட் எங்க?” என்று கேட்டாராம்.

நான் அவளிடம் கேட்டேன், “ஏம்மா, கைக்கு அடக்கமா ஒரு புல்லாங்குழல் கெடைக்கலியா?”

“சார்வாள், மாஞ்சோலை பஸ்ஸு ஏத்தத்துல ஏறும்போது அடிவயித்துல ஒரு சத்தம் கேக்கும்லா. அந்தச் சத்தம் இதுலதான் இருக்கு” என்றாள்.

ஆனால் அந்தப் பெரியப்பாவை எங்கே குடிவைப்பது? அவளுடைய வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். படிக்கட்டு வளைவில் ஆள் திரும்பும், அண்டா திரும்பும், பாஸ் திரும்பாது. ஆகவே நம் மன்றத்து மாடி அறையில் வைத்துக்கொள்ளச் செயலாளர் ஸ்வாமிநாதன் அனுமதித்தார். நல்லவர். ஆனால் நல்லவர்களுக்கும் செயற்குழு என்று ஒன்று இருக்கிறதே. அவர் ஒரு நிபந்தனை போட்டார்:

“ஒரு கச்சேரி பண்ணிக் காட்டுங்க. கடைசிப் பாட்டு முடியுதப்போ பாதி நாற்காலியாவது நிறைஞ்சு இருக்கணும். இல்லன்னா ரூமைக் காலி பண்ணிரணும்மா. எனக்கும் பதில் சொல்லணும்லா.”

அறை போனால் பாஸ் போகும். மறுபடி கோவாவுக்கே ரயிலேறும். பாஸ் போனால் நடை போகும். நடை போனால் ஸ்விங் எங்கே, நால்வர் எங்கே? கச்சேரிக்கு முன் அவள் என்னிடம் வந்து, “சார்வாள், நீங்க கடைசி வரைக்கும் இருப்பியள்லா?” என்று கேட்டாள். “நான் எங்கம்மா போகப்போறேன்?” என்றேன். பெரியோர்களே, அந்த வாக்கை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று அரங்கம் நிறைந்தது. முதல் பாட்டு தொடங்கியது. கிளாரினெட் முன்னால் வந்து வாசித்தது. மற்றவர்கள் பின்னால் தாங்கினார்கள். பியானோ முன்னால் வந்தது, அப்போதும் தாங்கினார்கள். நாங்களும் தலையாட்டினோம். அடுத்து பாஸின் முறை. மற்ற மூவரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கோமதிசங்கர் கிளாரினெட்டை மடியில் வைத்தார். ஹரீஷ் கையைக் கட்டிக்கொண்டார். சல்மான் ஃபாரிஸ் குச்சிகளைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான். அரங்கமே எழுந்தது.

ஏன் எழுந்தது? நம் ஊர்க் கச்சேரிகளில் பாட்டு ஓய்ந்து மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் பகுதிக்குத் தனி என்று பெயர். மற்ற ஊர்களில் அது தாளக் கலையின் சிகரம். நம் மன்றத்தில் அது காபி நேரம். நம் கேன்டீன் பலவேசம் அண்ணாச்சி, கேன்டீன் ஜன்னல் வழியாக, பாடகர் மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்க்கும் பார்வையை வைத்தே எண்ணெயில் வடையைப் போடுகிறவர். அன்றும் போட்டார். வாசனை வந்தது. தாத்தாக்கள் எழுந்தார்கள், தம்பிகள் எழுந்தார்கள், முழங்கால் வலி என்று படியேற மறுப்பவர்கள் முதலில் எழுந்தார்கள். யாரம்மா அங்கே, “நீங்க?” என்று கேட்பது? மறைக்கவில்லை தாயே. வரிசையில் முதல் ஆள் நான்.

உள்ளே மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போனுக்குச் சார்ஜ் ஏறக் காத்திருந்தார்.

காபி குடிக்கிறவர்கள் எதையும் தவறவிடக்கூடாது என்று கேன்டீனில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. அதில் பாஸ் மட்டும் தும், தும், தும் என்று நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பலவேசம் அண்ணாச்சி கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பிள்ளை மட்டும் தனியா வாசிக்கு, மத்தவுஹ கையக் கட்டிக்கிட்டு இருக்காவ. மத்த மூணு பேருக்கும் அந்தப் பிள்ளையோட சண்டையா, சார்வாள்?”

“சண்டை இல்ல அண்ணாச்சி. அவங்களுக்கு இப்ப வேலை இல்ல. ஓய்வு” என்றேன், வாத்தியார் குரலில்.

அந்த நேரத்தில் பாஸ் நின்றது. பெட்டியிலிருந்து முத்துராணியின் குரல் வந்தது.

“சார்வாள், வடை நல்லா இருக்கா?”

நூற்று முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மிச்ச வடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“எல்லாரும் பைய சாப்பிட்டுட்டு வாங்க, அவசரமில்ல. நீங்க வாரது வரைக்கும் நான் நடந்துக்கிட்டேதான் இருப்பேன். ஆனா இன்னும் ஆறு பாட்டு இருக்கு. ஆறுலயும் தனி உண்டு. ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சியள்னா, பலவேசம் அண்ணாச்சிகிட்ட மாவு காணாது.”

மறுபடி தும், தும், தும்.

அண்ணாச்சி மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். “அந்தப் பிள்ளை சொல்லுதது சரிதான்” என்றார். அடுப்பை அணைத்தார். காபிக் கேனைத் தூக்கித் தோளில் வைத்தார். “ஏலே, டம்ளரை எடுங்கலே. ஆளு எங்கன இருக்கோ, காபியும் அங்கன” என்று அரங்கத்தை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம்.

வாசலில் செயலாளர் மறித்தார். “உள்ள காபி கூடாது அண்ணாச்சி. நாப்பது வருஷத்து விதி.”

“காபி இல்லாம இவுஹ உள்ள வரமாட்டாவ. இவுஹ வரலன்னா அந்தப் பிள்ளைக்கு ரூம் கெடையாது. நீரே சொல்லும் வே, காபியா, காலி நாற்காலியா?”

செயலாளர் விதிப் புத்தகத்தைத் தேடினார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே நூற்று முப்பது பேரும் அவரைக் கடந்து உள்ளே போனோம். அப்போதுதான் கீழே பார்த்தேன். எல்லார் காலும் பாஸின் அடிக்கு நடந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் எண்ணவில்லை. வெற்றிலைக்கடை நடையில் ஒரு மன்றமே ஊர்வலம் போயிற்று.

உள்ளே போனதும் மேடையைப் பார்த்தேன். அந்த மூவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கோமதிசங்கர் கண்ணை மூடியிருந்தார். ஹரீஷின் உதடு அவள் விரல்களோடு அசைந்தது. சல்மான் ஃபாரிஸ், தாய் ஊட்டும்போது குழந்தைக்கு முன்னால் தானே வாய் திறப்பாளே, அதுபோல அவளுடைய ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மயிரிழை தலையசைத்தார். ஓய்வா அது? சும்மாவா இருந்தார்கள்? சும்மா இருந்தது நாம் அல்லவா? அவர்கள் கேட்டார்கள். கேட்பதற்காகவே கை கட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் மூடுவது அடக்கம்; மனம் திறந்து கேட்பதல்லவா கூட்டு வாசிப்பு? வாசிக்கும் முறை ஒருவருக்கு. கேட்கும் முறை மூவருக்கு. அந்த மூவர் எழுந்து போயிருந்தால் அவள் தனியாக வாசித்தவள் இல்லை, தனித்துவிடப்பட்டவள்.

கடைசி ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார். முத்துராணி லேசாகத் தலை சாய்த்தாள். கிளாரினெட், பியானோ, டிரம்ஸ், மூன்றும் ஒரே அடியில் வந்து விழுந்தன. ஐயா, அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படி. தூங்கிய மூவரும் விழித்துக்கொண்டார்கள்.

ஏழு பாட்டும் முடிந்தபோது ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. செயலாளர் வாசலில் நின்றபடியே கேட்டார். அவருக்குத்தான் நாற்காலி கிடைக்கவில்லை. மேடையேறி, மாடி அறைச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

“வச்சுக்கோம்மா. விதியையும் திருத்திருதேன். ஆனா தரையில காபி சிந்துனா நீங்க நாலு பேரும்தான் தொடைக்கணும்.”

“நாங்க மூணு பேரு தொடைக்கோம் சார், அவ வாசிக்கட்டும்” என்றார் சல்மான் ஃபாரிஸ்.

அன்பர்களே, அந்தச் சாவி இன்றும் அவளிடம்தான் இருக்கிறது. பெரியப்பாவும் மாடியில் நலமாக இருக்கிறார். இதோ, என் பின்னால் வந்து நிற்கிறார். நான் நீண்ட நேரம் பேசியும் ஒருவரும் எழுந்து போகாததற்கு என் நன்றி. பலவேசம் அண்ணாச்சி உள்ளேயே வந்துவிட்டதுதான் காரணம் என்றாலும் நன்றி. வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும், காது கொடுத்த உங்களுக்கும் மீண்டும் என் வணக்கம்.

ஆனால் எழுந்து போகாமல் இருந்தால் மட்டும் போதாது, கூட நடக்க வேண்டும். ஆகவே பாட்டு தொடங்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றையும் மூன்றையும் விட்டுவிட்டு, ஸ்விங்கின் தோள் அசையும் இரண்டிலும் நான்கிலும் மட்டும் கை தட்டிப் பாருங்கள்.