காபி வந்த கை

ஆமாங்க, பேப்பர்ல போட்டோ வந்தது எங்க வீட்டுக்காரரோடதுதான். அந்தப் பாராட்டு விழாவுக்கு யார் யார் வந்திருந்தாங்கன்னா, மேடையில துணைவேந்தர், வேதியியல் துறைத் தலைவர், மருந்துக் கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு, மைக் பிடிச்ச பொண்ணு, நடுநாயகமா இவரு. கீழ அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ண பிள்ளைங்க நாப்பத்தொரு பேரு, என் நாத்தனார், அவ புருஷன், தூணுக்குப் பக்கத்துல நான். மொத்தம் அம்பது. எண்ணிட்டுத்தான் உக்காருவேன், அது ஒரு பழக்கம்.

நீங்க வாடகைக்கு விடற இந்த மாடி ரூம் ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, போதும். வேற யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க. அவ்வளவு பெரிய வீடு இருக்க இது எதுக்குன்னு கேக்குறீங்க, நியாயந்தான். நான் இவ்வளவு பேசுற ஆளே இல்ல. இருந்தாலும் சொல்லிடறேன், அப்புறம் நீங்க யோசிச்சுக்கோங்க.

இவரோட ஆராய்ச்சியையெல்லாம் துறைத் தலைவர் வாசிச்சாரு. வாசிச்சாரு, வாசிச்சாரு, என் நாத்தனார் ஒரு தூக்கம் போட்டு முழிச்சா, அப்பவும் வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. கட்டுரை மொத்தம் இருநூத்திப் பதினொண்ணுன்னதும் இவரு நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டாரு. இல்ல, இருநூத்திப் பன்னிரண்டாம். போன வாரம் ஒண்ணு வந்துச்சாம். அடுத்து அந்த மைக் பொண்ணு, சார், கல்யாணமாகி எத்தனை வருஷம்னு கேட்டா. முப்பதா, முப்பத்தொண்ணான்னு என்னைப் பாக்குறாரு. முப்பத்தாறுங்க. ஒரு கட்டுரை கொறஞ்சா துள்ளி எழுந்த மனுஷன், வருஷம் அஞ்சாறு காணாம போனதுக்கு அசையக்கூட இல்ல.

என்ன ஆராய்ச்சியா? எட்டாங்கிளாஸ் படிச்சவகிட்ட கேக்குறீங்க பாருங்க. அன்னைக்கு ஒரு ஜோடி கையுறையைத் தூக்கிக் காட்டி அவரு சொன்னதைச் சொல்றேன். இடது கையும் வலது கையும் பாக்க ஒண்ணுபோல இருந்தாலும் இதோட உறை அதுக்குச் சேராதில்ல? சில மருந்துக்குள்ள இருக்கற மூலக்கூறும் அப்படித்தானாம். ஒரு கை நோயைத் தீக்கும், இன்னொண்ணு ஒண்ணுக்கும் உதவாது, சமயத்துல கெடுதல்கூடப் பண்ணும். சும்மா செஞ்சா ரெண்டும் பாதிக்குப் பாதி கலந்து வரும். இவரு கண்டுபிடிச்ச வினையூக்கியை ஒரு சிட்டிகை போட்டா, நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வேண்டிய கையாவே வருமாம். தப்பி வர்ற அந்த ஒண்ணையும் விடமாட்டாராம், பிடிச்சிடுவாராம். கண்ணுக்கே தெரியாததுல எது இடம், எது வலம்னு சொல்ற மனுஷன்னு கம்பெனிக்காரர் உருகிட்டாரு. நானும் கை தட்டினேன். தட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?

அப்புறம் என்னைப் புகழ்ந்தாரு பாருங்க. வினையூக்கி எல்லா வேலையையும் நடத்திக் கொடுத்துட்டு, தான் மட்டும் தேயாம அப்படியே மிஞ்சுமாம், என் மனைவியும் அப்படித்தான்னாரு. நாத்தனாருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. பின்னால இருந்த ஒரு மாணவி குனிஞ்சு என் காதுல சொல்றா, அதெல்லாம் மேடையிலதான் ஆன்ட்டி, ஒவ்வொரு தடவையும் வடிகட்டி, கழுவி, காயவச்சு எடுக்கறப்போ கொஞ்சம் கொறஞ்சுதான் வரும், ஏழாவது தடவை வேலையே செய்யாது, கொட்டிடுவோம்னு. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன். நாத்தனார் நான் அழறேன்னு நினைச்சு முதுகைத் தடவிக் கொடுத்தா.

கிளம்பறப்போ வாசல்ல ஒரு பெரிய அட்டை. எல்லாரும் வாழ்த்து எழுதணும். நான் எழுதிக்கிட்டிருக்கேன், பின்னாலேர்ந்து இவரு, ஏய், நீ எப்பலேர்ந்து இடது கையில எழுதறேன்னாரு. அம்பது பேருக்கும் கேக்கற மாதிரி. பொறந்ததுலேர்ந்துங்கன்னேன். காய் நறுக்கறது, துணி தேய்க்கறது, அவரு சட்டைக்குப் பட்டன் தைக்கறது எல்லாம் இந்தக் கைதான். அடுத்தவங்களுக்கு ஒண்ணை நீட்டறது மட்டும் வலது கை, எங்கம்மா அடிச்சுப் பழக்கினது. காபி வந்த கையைத் தவிர இன்னொரு கை எனக்கிருக்கறது அவருக்குத் தெரியவே இல்ல.

எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சுட்டு, பாத்தீங்களா, அந்தத் தப்பி வந்த ஒண்ணு என் வீட்டுலயே இருந்திருக்குன்னாரு. அன்னைக்கு விழுந்த கைதட்டல்லயே அதுதான் பெருசு.

நான் பேனாவைக் கை மாத்தல. எழுத வேண்டியதை முழுசா எழுதிட்டுத்தான் நகர்ந்தேன்.

கொடுக்கறீங்களா? ரொம்ப சந்தோஷங்க. கையெழுத்து எங்க, இங்கயா? அந்தப் பேனாவைக் கொடுங்க. ம்... ஆமாங்க, இடது கைதான். அட, நான் உங்க வாசப்படி ஏறி அரைமணி நேரம் ஆகல, பாத்துட்டீங்களே!

சாவி ரெண்டு இருக்கே. சாருக்கா? அவருக்குத்தான் அந்தப் பெரிய வீடு இருக்கேங்க. இதை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணு போதும்.