ஓட ஓடத் திருத்தியது

மந்தைவெளியில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த நரைத்த மனிதர், பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னார்:

“ஸ்டெல்லா, இன்னிக்கு அதை நிறுத்தணுமாம். எப்படி நிறுத்துறதுன்னே தெரியல.”

“எதை? லாரிங்க எந்த வழியா போகணும்னு கணக்குப் போட நாம லிஸ்ப் மொழியில எழுதினோமே, அந்தப் புரோகிராமையா? இன்னுமா ஓடுது?”

“பதினாறு வருஷமா. தப்பு வந்தா ஓட ஓடவே உள்ள போய்த் திருத்தினோம். நிறுத்துற கட்டளைய மட்டும் யாருமே எழுதல.”

“‘இத எவன் நிறுத்தப் போறான்’னு திமிரா சொன்னது யாரு, சேகர்?”

“நான்தான். இப்ப அதுக்குப் பதிலா வந்திருக்கிற ஜாவால ஒரு வரி மாத்தினாலும் மொத்தத்தையும் நிறுத்திட்டுக் கிளப்பணும். அதுக்குள்ள பசங்க டீ குடிச்சிட்டே வந்துடுறாங்க.”

“பிளக்கப் புடுங்கிடேன்.”

“மனசு வரல. முதல் நாள் ஓட்டிவிட்டது நீ. அப்புறம் பைத்தானுக்கு ஓடிட்ட. இன்னிக்காவது வாயேன்.”

ஜன்னலில் அடையாறு வெயிலை வாரி இறைத்துக்கொண்டு போனது. கஸ்தூரிபாய் நகரில் இறங்க எழுந்த ஸ்டெல்லா, கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“புடுங்க வேணாம். அது ஓடிட்டிருக்கும்போதே உள்ள போய் அந்தக் கட்டளைய எழுதிடலாம். நான் சொல்றேன், நீ டைப் அடி.”