நாலாவது வாள்

விடியற்காலை மூன்று மணி. ஊர் எல்லையைத் தாண்டி ஆற்றை ஒட்டியே போகும் ஒற்றைச் சாலை. விளக்குக் கம்பம் கிடையாது. வீடு கிடையாது. சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு தகரக் கொட்டகை...

அந்தச் சாலையில் ஒரு பெண் தன்னந்தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இது எங்கோ கேட்ட கதை இல்லை. நம்மோடு வேலை பார்த்தானே, ஒட்டடைக்குச்சி... அவனுடைய சொந்த அத்தைக்கு நடந்தது. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள்.

அத்தைக்கு வாள் செய்வது தொழில். நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள், சுவரில் மாட்டி அழகு பார்க்கும் பணக்காரர்கள்... எந்தக் காலத்து வாளைக் காட்டினாலும் அச்சு அசலாக அடித்துக் கொடுப்பார். ஊரில் அவருக்குச் சம்மட்டி அத்தை என்று பெயர். மாமா அந்த வாள்களுக்கு உறை தைப்பார். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிவிடுகிற மனிதர்.

ஒருநாள் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். அவர்களிடம் எழுநூறு வருஷத்து வாள் ஒன்று இருந்தது. அதே ஆற்று மணலில் கிடைத்தது. தொட்டால் உதிரும். அதனால் அதே நீளத்தில், அதே எடையில் புதிதாக ஒன்று வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்க.

அத்தை போய், கையுறை மாட்டிக்கொண்டு அளந்தார். நுனியில் ஒரு சாண் உடைந்து போயிருந்தது.

"முனை எங்கம்மா?"

"கெடைக்கலக்கா. யார் உடம்புக்குள்ள தங்கிப்போச்சோ..." அதிகாரியம்மா விளையாட்டாகத்தான் சொன்னார். "நீங்க முழுசா செஞ்சு குடுத்துடுங்க."

இரும்பு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது அதன் நிறத்தில் தெரியும். அந்த நிறம் சரியாகத் தெரிய இருட்டு வேண்டும். அதனால்தான் அந்த மூன்று மணி. செக்கச்செவேல் என்று காய்ந்த வாளை எண்ணெயில் முக்கினால்தான் அது உறுதிப்படும். அதற்காகக் கொட்டகையில் ஆளுயர இரும்புக் குழாய் ஒன்றைத் தரைக்குள் செங்குத்தாக இறக்கியிருந்தார்கள். அடியில் தகடு வைத்து அடைத்த குழாய். விளிம்புவரை எண்ணெய்.

முதல் வாளை முக்கினார். புகை எழும்பியது. எண்ணெய் கொதித்து அடங்கியது. அப்புறம்...

டிங்.

சின்னச் சத்தம். கண்ணாடித் தம்ளரில் நகம் பட்டது போல. வெளியே எடுத்தால், நுனியில் ஒரு சாண் இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் எண்ணெயில் ஒரு வாளைக்கூட இழக்காதவர் அத்தை. தன்மேல்தான் கோபம் வந்தது. இரும்பை மாற்றினார். எண்ணெயை மாற்றினார். இரண்டாவது வாள்... டிங். அதே ஒரு சாண்.

காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் விட்டுத் துழாவினார். உடைந்த துண்டுகள் இல்லை. அடைத்த குழாயிலிருந்து எங்கே போகும்? குனிந்து முகர்ந்தார். கருகிய எண்ணெய் வாசனை இல்லை. சேற்று வாசனை... ஆற்றடியில் கிடந்து அழுகிய புல்லின் வாசனை.

மூன்றாவது வாளை முக்கப் போன அன்று, அந்தச் சாலையில் பின்னால் ஒரு சத்தம். சளக்... சளக்... ஈரக் காலோடு யாரோ நடக்கிற மாதிரி. அத்தை சைக்கிளை நிறுத்தினார். சத்தமும் நின்றது. நீங்களும் நானும் என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்போம். அத்தை நன்றாகத் திரும்பி, இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

"வர்றதா இருந்தா சீக்கிரம் வா. எனக்கு உலை பத்தவைக்கணும்."

அன்றும் டிங்.

விளக்கைத் தூக்கித் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து குழாய்வரை ஈரக் காலடிகள். குழாயிலிருந்து திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை.

வீட்டில் மாமா இதைக் கேட்டு, தைத்துக்கொண்டிருந்த உறையைக் கீழே போட்டுவிட்டார்.

"வேணாம்மா... அந்த வாள்ல குத்துப்பட்டுச் செத்தவன்தான் வர்றான். அந்தம்மாவுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடு."

"ஏன் முடியாது? நான் என்ன அவன் வீட்டுக் கதவையா உடைச்சேன்?"

"அவன் செத்து எழுநூறு வருஷம் ஆகுது..."

"எழுநூறு வருஷம் சும்மாக் கெடந்தவனுக்கு இப்ப என் எண்ணெய்க்குள்ள என்ன வேலை?"

நாலாவது வாளுக்கு மாமாவும் போனார். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. ஆனாலும் போனார்.

உலையில் வாள் சிவந்தது. அத்தை அதைக் குறடால் பிடித்துத் தூக்கிக்கொண்டு குழாயின் அருகில் வந்து நின்றார். எண்ணெயைப் பார்த்துப் பேசினார்.

"இங்க பாரு. உன்னைக் குத்துனது யாருன்னு எனக்குத் தெரியாது. உனக்கு நடந்தது கொடுமைதான், நான் இல்லேங்கல. ஆனா அந்த வாள் வேற, இது வேற. இது நான் அடிச்சது. முழுசாத்தான் வெளிய வரும்."

இறக்கினார்.

எண்ணெய் கொதிக்கவில்லை. புகை இல்லை. அப்படியே அமைதியாகக் கிடந்தது... பிறகு, தூண்டிலை மீன் கடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்ன வெடுக்.

அடுத்த நொடி, முழு பலத்தோடு ஓர் இழுப்பு. கீழ்நோக்கி.

குறடு நழுவியது. அத்தை அதை உதறிவிட்டு, வாளின் மேல்முனையை இரண்டு கையாலும் பிடித்தார். மணிக்கட்டுவரை எண்ணெய்க்குள் போய்விட்டது. வெந்திருக்க வேண்டும். வேகவில்லை. பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது.

"விட்டுடு! விட்டுடும்மா!" என்று மாமா அலறினார்.

"விட மாட்டேன். நீங்க வந்து இழுங்க!"

மாமா தப்பி ஓடவில்லை. அந்த மனிதர் ஓடிவந்து அத்தையின் இடுப்பைக் கட்டிப் பிடித்து, கால்களைத் தரையில் ஊன்றி இழுத்தார். எவ்வளவு நேரம் என்று இருவருக்குமே தெரியாது. திடீரென்று பிடி விட்டது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

வாள் அத்தையின் மார்மேல் கிடந்தது. டிங் இல்லை. முழுசாக, முனையோடு.

விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார்கள். முனைக்குப் பக்கத்தில், ஒரு புறம் நாலு பள்ளம், மறுபுறம் ஒரு பள்ளம். ஈரக் களிமண்ணைக் கை அழுத்தினால் விழுமே, அப்படி. எஃகில்.

அதிகாரியம்மா வந்து பார்த்தார். தொடவில்லை. "வேற ஒண்ணு செஞ்சு குடுங்கக்கா" என்று மட்டும் சொன்னார். ஐந்தாவது வாளை அத்தை முக்கினார். எந்தத் தொந்தரவும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் அருங்காட்சியகத்தில் எல்லாரும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

நாலாவது, கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. ஆற்றில் வீசிவிடலாம் என்று மாமா கெஞ்சினார்.

"நான் செஞ்ச பொருள். எதுக்கு வீசணும்?"

பள்ளங்களையாவது அரம் போட்டுத் தேய்த்துவிடச் சொன்னார்.

"எதுக்குத் தேய்க்கணும்? அவனும் இழுத்தான், நானும் இழுத்தேன். இப்ப இது யார்கிட்ட இருக்கு?"

வருஷத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசுவார். முதல் வருஷம் பூசும்போதே கவனித்தார். முனை வழவழவென்று இருந்தது. பள்ளங்கள் இரண்டு விரல் மேலே ஏறியிருந்தன. அடுத்த வருஷம், இன்னும் இரண்டு விரல். கைப்பிடியை நோக்கி.

போன மாதம் ஒட்டடைக்குச்சி அங்கே போயிருந்தான். அத்தை வாளை இறக்கி அவன் மடியில் வைத்தார். பாதித் தூரம் ஏறிவிட்ட அந்தப் பள்ளங்களைப் பார்த்தான். பிறகு, கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே, அவன் கேள்விப்படாத வேறு சில பள்ளங்கள். அவற்றைவிடச் சின்ன விரல்கள். புதுசு.

"இது யாருது அத்தை? இதுவும் மேல ஏறுதா?"

"இல்லடா. இது கீழ எறங்குது" என்றார் அத்தை.

சொல்லிவிட்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளங்களில் வைத்தார். பொருந்தின.